30 திராக்மாவுக்கு எந்தக் கவசம்? ஏதென்ஸ் ஹோப்லைட் ஒருவரின் கடைத்தெருக் கணக்கு

பழைய கிரேக்க நகரங்களுக்காகப் போர்க்களத்தில் முன்னால் நின்றவர்கள் ஹோப்லைட்டுகள். பெரிய வட்டக் கேடயம், ஆளைவிட உயரமான ஈட்டி, தலைக்கும் உடம்புக்கும் கவசம், தோளோடு தோள் நெருங்கிய வரிசை. இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் மராத்தான், தெர்மோப்பிலே என்று நேராகப் போருக்குப் போய்விடுகிறோம். எனக்கு அதற்கு முந்தைய கட்டம்தான் பெரிதாகப் படுகிறது. ஏனென்றால் இந்தச் சாமான்களை நகரம் கொடுக்கவில்லை. உழவரோ குயவரோ எண்ணெய் வியாபாரியோ, அவரவர் காசில் வாங்கிக்கொண்டு வந்துதான் வரிசையில் நிற்க வேண்டும். எதை வாங்குவது, எதை விடுவது என்று ஒவ்வொருவரும் முடிவெடுத்தாக வேண்டும். அந்த முடிவில் தப்பு நேர்ந்தால் விலை உயிர்.

எவ்வளவு காசு? சலாமிஸ் தீவில் குடியேறிய ஏதென்ஸ்காரர்களைப் பற்றி கி.மு. 500ஐ ஒட்டிய ஒரு கல்வெட்டு இருக்கிறது. அவர்கள் 30 திராக்மா மதிப்புள்ள போர்க்கருவிகளைத் தாங்களே வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. சுமார் 90 ஆண்டுகள் கழித்து அக்ரோபோலிஸில் எரெக்தியோன் கோயில் கட்டியபோது தச்சருக்கும் கல்தச்சருக்கும் கொடுத்த கூலி நாளுக்கு 1 திராக்மா என்று கோயில் கணக்கில் பொறித்திருக்கிறார்கள். விலைவாசி ஏறியதைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தாலே ஒரு மாத உழைப்பு கவசத்துக்குப் போகிறது.

ஒரு காலத்தைக் குறித்துக்கொண்டு பேசினால்தான் ஒப்பீடு பிடிபடும். கி.மு. 424 முடிந்து 423 பிறக்கும் குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போர் மூண்டு ஏழு ஆண்டு ஆகிறது. நம் ஆள் ஒரு ஜோடி உழவு மாடு வைத்திருக்கும் நடுத்தர விவசாயி. மூன்று போர்களின் செய்தி அவர் காதில் இருக்கிறது. 426இல் ஏட்டோலியா மலைக்காட்டில் டெமாஸ்தனீஸ் என்ற தளபதியின் படை எறியீட்டிக்காரர்களிடம் மாட்டி, 120 ஏதென்ஸ் ஹோப்லைட்டுகள் செத்தார்கள். 425இல் ஸ்பாக்டீரியா தீவில் நிலைமை தலைகீழ்: ஏதென்ஸின் வில்லாளிகளும் எறியீட்டிக்காரர்களும் தூரத்திலிருந்தே அடித்து, யாரும் எதிர்பாராதபடி ஸ்பார்ட்டா ஹோப்லைட்டுகளைச் சரணடைய வைத்தார்கள். 424இன் கடைசியில் டீலியோனில், ஏதென்ஸுக்கு வடக்கே உள்ள அண்டை நாடான பியோஷியாவின் படையோடு நேருக்கு நேர் மோதி ஏதென்ஸ் கிட்டத்தட்ட 1000 ஹோப்லைட்டுகளை இழந்தது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவர் கடைக்குப் போகிறார்.

கேடயம்

இதில் யோசிக்கவே கூடாது. காசில் பெரும் பங்கு கேடயத்துக்குத்தான் போக வேண்டும்.

ஹோப்லைட் கேடயம் ஆஸ்பிஸ் எனப்படும். குறுக்களவு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, எடை சுமார் 6 முதல் 8 கிலோ. பாப்லார், வில்லோ போன்ற லேசான மரத்தைக் குழிவாகக் கடைந்து, விளிம்பிலோ முகப்பு முழுவதுமோ மெல்லிய வெண்கலத் தகடு போர்த்துவார்கள். பிடி இருக்கும் விதத்தில்தான் இதன் சூட்சுமம். உட்புறம் நடுவில் முன்கை நுழையும் ஒரு பட்டை, விளிம்போரத்தில் கை பற்றிக்கொள்ள ஒரு கயிறு. எடை மணிக்கட்டில் மட்டும் தொங்காமல் முன்கை முழுவதும் பரவும். குழிவாக இருப்பதால் மேல்விளிம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கவும் முடியும்.

ஆனால் இந்தப் பிடியால் இன்னொன்றும் நேர்கிறது. முழங்கை கேடயத்தின் நடுவில் இருப்பதால், அதன் இடப்பாதி ஏந்தியவரின் உடம்பைத் தாண்டி வெளியே நீள்கிறது. அந்தப் பாதி மறைப்பது இடப்பக்கம் நிற்பவரின் வலப்பக்கத்தை. அதனால்தான் எல்லாப் படைகளும் மோதலுக்குப் போகும்போது மெல்ல மெல்ல வலப்புறம் சாய்கின்றன என்று 418 மான்டினியாப் போரை விவரிக்கும்போது, இந்தப் போர்க்கால வரலாற்றை எழுதிய தூசிடிடீஸ் எழுதினார். ஈட்டி பிடித்த வலக்கைப் பக்கம் திறந்து கிடப்பதால், ஒவ்வொருவரும் வலப்பக்கத்துக்காரரின் கேடயத்துக்குள் ஒண்டப் பார்க்கிறார்கள்.

ஸ்பார்ட்டா மன்னர் டெமராட்டஸ் சொன்னதாக புளூட்டார்க் பதிவு செய்த ஒரு பதில் இங்கே பொருந்தும். கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியவரை இகழ்கிறீர்கள், தலைக்கவசத்தையோ மார்புக்கவசத்தையோ போட்டுவிட்டு வந்தவரை இகழ்வதில்லையே, ஏன் என்று கேட்டார்களாம். அவை இரண்டும் தனக்காக அணிவது, கேடயம் வரிசை முழுவதற்காகவும் ஏந்துவது என்றாராம் அவர். ஏதென்ஸில் கேடயத்தை எறிந்துவிட்டு ஓடுவது வழக்குக்கே உரிய குற்றம். டீலியோனில் ஓட்டம் பிடித்தவர்களில் எத்தனை பேர் கேடயத்தோடு ஊர் திரும்பினார்களோ தெரியாது. கேடயம் இல்லாமல் வந்தவர் அக்கம்பக்கத்தார் முகத்தில் விழித்திருக்க முடியாது.

சரி, எந்தக் கேடயம்? முகப்பு முழுவதும் வெண்கலம் போர்த்தியதா, விளிம்புக்கு மட்டும் போர்த்தியதா? நான் முழு முகப்பைத்தான் சொல்வேன். தகடு அரை மில்லிமீட்டர் அளவுதான் என்றாலும் மரம் பிளந்து சிதறாமல் பிடித்து வைக்கிறது. அதன் நெளிவான பரப்பில் ஈட்டி முனை வழுக்கிப் போகவும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட ஒரு கேடயம் இன்றும் ஏதென்ஸ் அகோரா அருங்காட்சியகத்தில் நசுங்கிய நிலையில் இருக்கிறது. ‘பைலோஸில் லாசிடெமோனியரிடமிருந்து ஏதென்ஸ்காரர்கள்’ என்று குத்திப் பொறித்திருக்கிறார்கள். பைலோஸ் என்பது ஸ்பாக்டீரியாவை ஒட்டிய கரை, லாசிடெமோனியர் என்றால் ஸ்பார்ட்டாக்காரர்கள். ஸ்பாக்டீரியாவில் பிடிபட்ட ஸ்பார்ட்டாக்காரர்களுடைய கேடயங்களில் ஒன்று அது. நம் விவசாயி அந்தக் கேடயங்களை ஊருக்குள் பார்த்திருக்கக்கூட வாய்ப்புண்டு.

வாங்குவதற்குச் சிரமம் இல்லை. சொற்பொழிவாளர் லிசியாஸும் அவர் அண்ணனும் வைத்திருந்த சொத்தில் 120 அடிமைகள் இருந்தார்கள். 404இல், போரில் தோற்ற ஏதென்ஸை ஆண்ட முப்பது பேர் குழுவான முப்பதின்மர் ஆட்சி அதைப் பறிமுதல் செய்தபோது 700 கேடயங்கள் கையிருப்பில் இருந்தன. பட்டறைத் தொழிலாகவே கேடயம் செய்து குவித்த ஊர் அது.

உடம்புக்கு: வெண்கலமா, லினனா, தோலா?

பணத்தை வீணடிக்க இங்கேதான் அதிக வாய்ப்பு. நின்று நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வெண்கலம். மிகப் பழைய ஹோப்லைட் மார்புக்கவசம் மணி வடிவத்தில் இருக்கும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு தகடுகள். இடுப்பில் விளிம்பு வெளியே விரிந்திருக்கும். ஆர்கோஸ் நகரத்தில் 1953இல் ஒரு கல்லறையில் கிடைத்த கவசம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. இந்த வகைக்கு அதுவே நல்ல சாட்சி. 5ஆம் நூற்றாண்டில் இது மார்பு, வயிறு ஆகியவற்றின் தசை மடிப்புகளை அப்படியே தட்டி எடுத்த வடிவமாக மாறிவிட்டது. பார்க்க அபாரமாக இருக்கும். ஈட்டிக் குத்தும் வாள்வெட்டும் வளைந்த தகட்டில் சறுக்கிப் போகும். காப்பு என்று மட்டும் பார்த்தால் இதற்கு இணையில்லை.

குறைகளும் அந்த வடிவத்திலிருந்தே வருகின்றன. தகடு வளையாது; குனியவும் இடுப்பைத் திருப்பவும் இடம் குறைவு. உடம்புக்கு அளந்து செய்தால்தான் பொருந்தும். ஐந்து ஆண்டு கழித்து வயிறு போட்டால் பழைய தகடு இறங்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை வெயில். கிரேக்கர்கள் படையெடுத்தது பெரும்பாலும் கோடையில், தானியம் விளையும் பருவத்தில். நடுப்பகல் வெயிலில் மேலே உலோகமும் உள்ளே கம்பளித் துணியுமாக மணிக்கணக்கில் காத்து நிற்பது சண்டைக்கு முன்பே ஆளைச் சோர வைத்துவிடும். விலையும் சாமானியம் அல்ல. 421இல் ஏதென்ஸில் நடிக்கப்பட்ட ஓர் அங்கத நாடகத்தில் கவச வியாபாரி தன் மார்புக்கவசத்துக்கு 10 மினா, அதாவது 1000 திராக்மா, மதிப்புச் சொல்கிறார். சிரிப்புக்காக ஊதிய எண் அது. ஆனால் மக்கள் மனதில் வெண்கல மார்புக்கவசம் பணக்காரர் வீட்டுப் பொருளாகப் பதிந்திருந்ததால்தான் அந்த நகைச்சுவை எடுபட்டது.

அடுத்தது லினன், ஆளிச்செடி நாரில் நெய்த துணி. துணியை அடுக்கடுக்காகச் சேர்த்துக் கெட்டியாக்கிய பலகை போன்ற உடுப்பு. உடம்பைச் சுற்றி வளைத்து இடப்பக்கம் கட்டிக்கொண்டு, முதுகிலிருந்து இரண்டு பட்டைகளைத் தோள்வழியாக இழுத்து மார்பில் முடிவார்கள். இடுப்புக்குக் கீழே நீள நீளமான பட்டைகள் தொங்கும். நடக்கவும் ஓடவும் தடையில்லை. 6, 5ஆம் நூற்றாண்டுப் பானை ஓவியங்களில் இந்த உடுப்பு எங்கு பார்த்தாலும் தென்படுகிறது. கி.மு. 500ஐ ஒட்டிய ஒரு கிண்ணத்தில், டிராய் போர்க் கதையின் வீரர் அக்கிலீஸ், காயம்பட்ட தன் நண்பர் பட்ரோக்ளஸுக்குக் கட்டுப்போடும் காட்சி இருக்கிறது. பட்ரோக்ளஸின் தோள்பட்டை ஒன்று முடிச்சு அவிழ்ந்து நிமிர்ந்து நிற்பதை ஓவியர் அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருக்கிறார். இந்தக் கவசம் விறைப்பானது, ஆனாலும் வளையக்கூடியது என்பதற்கு அந்த ஒரு பட்டை போதும்.

லினன் என்றதும் ஏழையின் கவசம் என்று நினைத்துவிட வேண்டாம். எகிப்து மன்னர் அமாசிஸ் ஸ்பார்ட்டாவுக்கு அனுப்பிய பரிசு லினன் மார்புக்கவசம்தான். அதில் தங்க இழையாலும் பருத்தி நூலாலும் வேலைப்பாடு இருந்தது, ஒவ்வொரு நூலும் 360 இழைகளால் ஆனது என்று ஹெரடோட்டஸ் வியந்து எழுதியிருக்கிறார்.

துணி ஈட்டியைத் தாங்குமா? அமெரிக்காவில் விஸ்கான்சின்–கிரீன் பே பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர் கிரிகரி ஆல்டிரட் தன் மாணவர்களோடு சேர்ந்து இதைச் செய்து பார்த்தார். லினன் அடுக்குகளைப் பழைய முறைப் பசையால் ஒட்டிக் கவசம் செய்து, அம்பு எய்து சோதித்தார்கள். ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டிய தடிமன் இருந்தால் அந்தக் கால அம்புகளில் பெரும்பாலானவற்றை அது தடுக்கும் என்று கண்டார்கள். உடுப்பின் எடை நாலைந்து கிலோதான். பண்டைய கைவினைஞர்கள் ஒட்டினார்களா, தைத்தார்களா என்பதில் அறிஞர்களிடையே சண்டை ஓயவில்லை. முழு உடுப்பு ஒன்றும் மண்ணில் மிஞ்சவில்லை, துணி மக்கிப்போகும் பொருளாயிற்றே. நம் விவசாயியின் கேள்விக்கு ஒட்டா தையலா என்பது முக்கியமில்லை. தடிமன்தான் முக்கியம்.

அப்புறம் தோல். ஸ்போலாஸ் என்று ஒரு தோல் மேலுடுப்பு இருந்தது. லினனைவிட எளிது. மழைக்கும் வியர்வைக்கும் ஈடுகொடுக்கும். ஆனால் 401இல் பாரசீகப் பேரரசின் உள்ளிருந்து, கர்தூகியர் என்ற மலைவாசிகளின் நாடு வழியாக 10,000 கிரேக்கப் படையினர் தப்பி வந்தபோது நடந்ததை, அவர்களில் ஒருவரான ஜெனபோன் நேரில் பார்த்து எழுதினார். லியோனிமஸ் என்ற ஸ்பார்ட்டா வீரர் மேல் பாய்ந்த அம்பு கேடயத்தைத் துளைத்து, ஸ்போலாஸையும் துளைத்து, விலாவில் இறங்கியது. அந்த மலைவாசிகளின் வில் ஏறத்தாழ மூன்று முழம். அவர்கள் எய்த அம்புகளைப் பொறுக்கி எடுத்து, வார் கட்டி எறியீட்டியாகக் கிரேக்கர்கள் பயன்படுத்தினார்கள் என்றால் அவை எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு லினன். எடையில் வெண்கலத்தைவிடப் பெரிய லாபம் இல்லை என்று சிலர் சொல்வது சரிதான். எடைக்காக இதை நான் எடுக்கவில்லை. சூடு தாங்கலாம், குனியலாம், உடம்பு மாறினால் கயிற்றைத் தளர்த்திக்கொள்ளலாம், கிழிந்தால் வீட்டிலேயே தைக்கலாம், மகனுக்கும் பொருந்தும். கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் விலாப் பக்கத்தில் வெண்கலச் செதில்கள் தைத்துக்கொள்ளலாம். பானை ஓவியங்களில் அப்படியும் இருக்கிறது. கேடயம் மறைக்காத வலப்பக்கத்துக்கு அந்தச் செதில்கள் நல்ல முதலீடு.

மார்புக்கவசமே வேண்டாம், கேடயம் போதும் என்ற போக்கும் இந்தக் காலத்தில் இருந்தது. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கல்லறைச் சிற்பங்களில் வெறும் சட்டையோடு, கேடயமும் ஈட்டியுமாக நிற்கும் வீரர்களைப் பார்க்கலாம். கையில் காசே இல்லை என்றால் அது புரிகிறது. லினன் வாங்க வக்கிருந்தும் அதைத் தவிர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தலைக்கு: காது கேட்க வேண்டுமா, முகம் மறைய வேண்டுமா?

கொரிந்திய தலைக்கவசத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார்கள். ஒரே வெண்கலத் தகட்டைத் தட்டித் தட்டி தலை, கன்னம், மூக்கு எல்லாம் மறையும்படி செய்தது. கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை, வாய்க்கு நேரே ஒரு பிளவு. மராத்தான் வெற்றித் தளபதி மில்டியாடீஸ் ஜீயஸுக்குக் காணிக்கையாக்கிய தலைக்கவசம் இந்த வகைதான். அவர் பெயர் பொறித்த அந்தக் கவசம் ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகத்துக்கு இதைவிடப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் காது மூடிவிடும், பக்கவாட்டில் எதுவும் தெரியாது.

இன்னொரு கோடியில் பிலோஸ், கூம்புத் தொப்பி. வெண்கலத்திலும் செய்தார்கள், அழுத்திய கம்பளியிலும் செய்தார்கள். முகமும் காதும் முழுக்கத் திறந்திருக்கும். மலிவு, லேசு. ஸ்பார்ட்டாக்காரர்கள் ஸ்பாக்டீரியாவில் அணிந்திருந்தது இதைத்தான். அவர்களுடைய பிலோஸ்கள் அம்பைத் தடுக்கவில்லை என்று தூசிடிடீஸ் எழுதிவிட்டார். அந்த ஒரு வரிக்குப் பிறகு, வில்லாளிகள் நிறைந்த ஒரு போரில் கம்பளித் தொப்பியை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கர்தூகியர் மலையில் லியோனிமஸோடு செத்த ஆர்க்கேடியாக்காரர் பாசியாஸுக்கு அம்பு பாய்ந்தது தலையில்.

அப்படியானால் பழைய கொரிந்தியத்துக்கே திரும்புவதா? டீலியோனில் நடந்ததைக் கேளுங்கள். ஏதென்ஸின் வலது அணி எதிரியைச் சுற்றி வளைத்துக்கொண்டே போய், மறுபுறம் வந்த தம் ஆட்களையே அடையாளம் தெரியாமல் கொன்றது. புழுதியும் குழப்பமும் முக்கியக் காரணம்தான். ஆனால் எதிரே வருபவரின் முகமும் தெரியாமல், அவர் கத்துவதும் காதில் விழாமல் இருந்தால் அந்தக் குழப்பம் இரட்டிப்பாகத்தான் ஆகும். வரிசை ஒன்றாக நகர, திரும்ப, பின்வாங்க எக்காளமும் கட்டளையும் காதில் விழுந்தாக வேண்டும். ஸ்பாக்டீரியாவிலும் எதிரியின் கூச்சலில் கட்டளை கேட்காமல் போனதைத் தூசிடிடீஸ் தனியாகக் குறிப்பிடுகிறார்.

இரண்டுக்கும் நடுவில் கல்கிடிய வகை இருக்கிறது. வெண்கலம்தான், கன்னத்துக்கும் மூக்குக்கும் காப்பு உண்டு, காதுக்கு மட்டும் வளைவாக வெட்டி விட்டிருப்பார்கள். முகமும் ஓரளவு தெரியும். நம் விவசாயிக்கு இதுதான். கேடயத்துக்கு அடுத்தபடி காசைப் போட வேண்டிய இடமும் தலைதான். கேடய விளிம்புக்கு மேலே எப்போதும் தெரிவது தலை மட்டும்தானே. குதிரைமயிர்க் கொண்டை கூடுதல் விலை. அதை விட்டுவிடலாம்.

காற்கவசம்

கெண்டைக்காலில் கவ்விப் பிடிக்கும் வெண்கலத் தகடு. கேடயத்துக்குக் கீழே தெரிகிற காலைக் காக்கும் என்பது உண்மை. ஆனால் கரடுமுரடான வழியில் நடக்கும்போது கணுக்காலை உரசும், அளவு தவறினால் நழுவும். இந்த நூற்றாண்டில் பலர் கைவிட்டதும் இதைத்தான். கடைசியில் காசு மிஞ்சினால் பார்க்கலாம்.

சுமந்து ஓட முடியுமா?

மராத்தானில் ஏதென்ஸ்காரர்கள் 8 ஸ்டேடியம், அதாவது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர், ஓடிப்போய்த் தாக்கினார்கள் என்கிறார் ஹெரடோட்டஸ். 1970களில் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வாட்டசாட்டமான இளைஞர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கேடயத்தை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்தத் தூரம் முழுவதும் ஓடுவது நடக்காத காரியம் என்று முடிவு கட்டினார்கள். முழுக் கவசமும் 30 கிலோவுக்கு மேல் என்றுதான் அன்றைக்குப் பலரும் நம்பினார்கள். பிறகு பீட்டர் கிரென்ட்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் கிடைத்த பொருள்களை எடை போட்டுப் பார்த்து, 20 கிலோவை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோதான் இருந்திருக்கும் என்று வாதிட்டார்கள். நான் இரண்டாவது கட்சி. கி.மு. 520இல் ஒலிம்பிக் விளையாட்டில் கவச ஓட்டத்தைச் சேர்த்தபோது ஓட்டக்காரர்கள் தலைக்கவசம், காற்கவசம், கேடயம் மூன்றையும் பூண்டுகொண்டு ஓடினார்கள். தூரம் 400 மீட்டருக்கும் குறைவு. மார்புக்கவசம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நடைபயணத்தில் சுமையை வீரர் தூக்குவதில்லை. இந்தப் போரின் தொடக்கத்தில் நடந்த பொடிடேயா நகர முற்றுகையில் ஏதென்ஸ் ஹோப்லைட்டுக்குக் கொடுத்த நாள்படி 2 திராக்மாவில் ஒன்று அவருக்கு, இன்னொன்று அவருடைய பணியாளுக்கு. கேடயமும் மூட்டையும் சுமந்தது அந்தப் பணியாள்தான், பெரும்பாலும் அடிமை. எடையைப் பற்றிய எந்தக் கணக்கிலும் அவர்களை மறந்துவிடக் கூடாது.

எதிரி யார்?

நேருக்கு நேர் ஹோப்லைட்டோடு மோதுவதற்கு மட்டும் என்றால், டீலியோனில் கேடயத்தோடு கேடயம் முட்டித் தள்ளியதுபோல என்றால், நல்ல உலோகம் எவ்வளவு இருந்தாலும் நல்லது. பணம் படைத்தவர், முன்வரிசையில் நிற்கும் அணித்தலைவர், வெண்கல மார்புக்கவசம் வாங்கட்டும். அவர்மீது விழும் ஈட்டிக் குத்துகள் மற்றவர்களைவிட அதிகம்.

ஆனால் ஏட்டோலியாவும் ஸ்பாக்டீரியாவும் வேறு பாடம் சொன்னவை. எறிந்துவிட்டு ஓடும் எதிரியைப் பிடிக்க முடியாதவருக்கு எவ்வளவு தடித்த கவசமும் போதாது. 390இல், கொரிந்து அருகே லெக்கேயானில், ஏதென்ஸ் தளபதி இஃபிக்ரடீஸின் லேசாயுத வீரர்கள் சுமார் 600 ஸ்பார்ட்டா ஹோப்லைட்டுகள் கொண்ட ஒரு பிரிவைத் திரும்பத் திரும்ப எறிந்து, பின்வாங்கி, மறுபடி எறிந்து, 250 பேரைக் கொன்றார்கள். அதே இஃபிக்ரடீஸ் பிறகு தன் படைக்கு வெண்கலத்தை விட்டு லினன் உடுப்பைக் கொடுத்தார் என்று பழைய வரலாறுகள் சொல்கின்றன. கேடயத்தையும் அவர் சிறிதாக்கினார். அதை மட்டும் நம் விவசாயிக்குச் சொல்ல மாட்டேன். சிறிய கேடயத்தோடு போரிட வேறு பயிற்சி, வேறு வரிசை வேண்டும். ஏதென்ஸ் வரிசையில் இடப்பக்கம் நிற்கிறவர் பெரிய கேடயத்தை நம்பித்தான் நிற்கிறார்.

ஏதென்ஸ் நகரமும் பின்னாளில் இதே வரிசைமுறையைத்தான் பின்பற்றியது. 4ஆம் நூற்றாண்டில் 18 வயது இளைஞர்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி வந்தபோது, முதல் ஆண்டு முடிவில் மக்கள்முன் அணிவகுத்துக் காட்டியவர்களுக்கு அரசு தன் செலவில் கொடுத்தவை இரண்டு பொருள்கள்: கேடயம், ஈட்டி.

ஆக, முதலில் முழு முகப்புக் கேடயம், அதோடு ஈட்டி. அடுத்து காது திறந்த வெண்கலத் தலைக்கவசம். மூன்றாவதாக லினன், இந்த ஆண்டு முடியாவிட்டால் அறுவடை முடிந்த பிறகு. கேடயம் வாங்க மட்டும் பணியாளை அனுப்ப வேண்டாம். நேரில் போய், முன்கையை அந்தப் பட்டைக்குள் நுழைத்து, முழங்கைவரை ஆடாமல் பிடிக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பட்டை தளர்ந்திருந்தால் முதல் முட்டலிலேயே கேடயம் சுழன்றுவிடும்.